ஆய்வறிவை வி.ஆர்., ஏ.ஆர். வழியாகக் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கள் துறையின் அறிவை வி.ஆர். (மெய்நிகர் உண்மை) கண்ணாடிக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் நூலகர்களும் உதவி கேட்டு வருவது வழக்கம். துறைகள் வேறு வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் என்னவோ ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும்.

1. அறிவைக் கண்ணால பார்க்கலாம்னு சொல்றீங்க. அறிவுக்கு ஏது உருவம்?

சில அறிவுக்கு உருவம் உண்டு. புரத மூலக்கூறு, மண்டையோடு, நிலத்தடிப் பாறை அடுக்கு, இடிந்த கட்டடம் எல்லாம் ஏற்கெனவே முப்பரிமாணத்தில் இருப்பவை. 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் ஒரு மூலக்கூறை எடுத்தால், அதன் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள் இருக்கும். அதைக் கண்ணாடியில் காட்டும்போது இடத்தை நாம் இட்டுக்கட்டுவதில்லை. அளவைப் பெரிதாக்குகிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு வகை அறிவுக்கு உருவமே கிடையாது. எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டியது, எந்தக் கருத்து எதிலிருந்து கிளைத்தது, யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்பவை வெறும் உறவுகள். அவற்றுக்கு இடம் ஒதுக்குவது நாம்தான், வேறு மாதிரியும் ஒதுக்கியிருக்கலாம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

2. வி.ஆர்., ஏ.ஆர். ரெண்டும் ஒண்ணுதானே? எனக்கு எது வேணும்?

ஒன்றல்ல. வி.ஆர். சுற்றுப்புறத்தை முழுக்க மறைத்து வேறோர் இடத்துக்குள் உட்கார வைக்கிறது. ஏ.ஆர். (மிகை மெய்ம்மை) கண்முன் இருக்கும் மேசையையும் சுவரையும் அப்படியே விட்டு, அவற்றின் மேல் ஒன்றைச் சேர்க்கிறது. 1997-இல் ரொனால்ட் அசூமா எழுதிய ஆய்வுத் தொகுப்பு ஏ.ஆருக்கு மூன்று நிபந்தனைகள் சொன்னது: நிஜமும் செயற்கையும் கலந்திருக்க வேண்டும், உடனுக்குடன் இயங்க வேண்டும், முப்பரிமாணத்தில் சரியான இடத்தில் பொருந்தி நிற்க வேண்டும். போன் திரையின் மூலையில் மிதக்கும் குறிப்பு ஏ.ஆர். ஆகாது என்பதற்கு மூன்றாவது நிபந்தனையே போதும். வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் மூதாதை ஒன்றுதான். இவான் சதர்லாண்ட் 1968-இல் காட்டிய தலைக்கருவியில் கோட்டு வடிவங்கள் அறையின் மேலேயே மிதந்தன. கருவி கனமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள்.

எது வேண்டும் என்பதற்கு நான் கேட்கும் கேள்வி, பயனர் அந்த நேரத்தில் நிஜப் பொருள் எதையாவது பார்க்க வேண்டுமா என்பதுதான். கையில் இருக்கும் எலும்பு மாதிரியின் மேல் தசைகளைக் காட்ட வேண்டும் என்றால் ஏ.ஆர். எடுங்கள். ஆயிரம் கட்டுரைகளைப் புள்ளிகளாகவும் அவற்றின் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்த வலைக்குள் போய்த் தேட வேண்டும் என்றால் வி.ஆர். எடுங்கள். இப்போதைய ஹெட்செட்களில் பல கேமரா வழியாக வெளியையும் காட்டுவதால் ஒரே கருவியில் இரண்டும் முடியும்.

3. ஹெட்செட் வாங்கக் காசு இல்லை. போன்லயே முடிச்சுக்க முடியாதா?

ஒரு பொருளைக் காட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் போன் தாராளம். மாடலை ஜி.எல்.டி.எஃப். என்ற முப்பரிமாணக் கோப்பு வடிவில் சேமித்து, மாடல்-வியூவர் என்ற இலவசக் கருவியின் ஒரு வரியை வலைப்பக்கத்தில் சேர்த்தால் போதும். பிரவுசரில் திருப்பிப் பார்க்கலாம், பட்டனைத் தட்டினால் மேசை மேல் வந்து நிற்கும். ஐபோனுக்கு யு.எஸ்.டி.இசட். வடிவம் பயன்படும். ஆனால் தொட்டால் விவரம் சொல்வது, வடிகட்டுவது என்று போனால் சிக்கல் வரும். இதை எழுதும்போது ஐபோன் பிரவுசரில் வெப்எக்ஸ்ஆர் (வி.ஆர்., ஏ.ஆர். காட்சிகளைப் பிரவுசரிலேயே இயக்கும் வசதி) கிடையாது, தனிச் செயலிதான் எழுத வேண்டும்.

போனை அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் முறை 2014-இல் கூகுள் கார்ட்போர்டுடன் பிரபலமானது. அது தலை திரும்புவதை மட்டும்தான் அறியும். முன்னால் சாய்ந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் காட்சி அசையாது. 360 பாகைப் படம் பார்க்கச் சரி, வலைகளை ஆராய்வதற்கு உதவாது. காரணம் 5-ஆவது பதிலில் இருக்கிறது.

4. உண்மையைச் சொல்லுங்க, என் ஆய்வுக்கு இது தேவையா, இல்ல சும்மா பந்தாவா?

பெரும்பாலும் தேவையில்லை. உதவி கேட்டு வருபவர்களில் பலரை மடிக்கணினித் திரைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆண்டு வாரியாக எத்தனை கட்டுரை, எந்த நாட்டிலிருந்து எத்தனை என்பதற்கெல்லாம் தாளில் போட்ட பட்டை வரைபடத்தை வி.ஆர். வெல்லவே முடியாது. 1984-இல் கிளீவ்லாந்து, மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. ஒரே அளவுகோலின் மேல் புள்ளி எங்கே நிற்கிறது என்பதை மனிதர்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள். நீளம், கோணம், பரப்பு, கன அளவு என்று போகப்போகத் துல்லியம் குறைகிறது. வி.ஆரில் நிற்க வைக்கும் பட்டைகளில் தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். கஷ்டப்பட்டுச் செய்து, படிக்க முடியாததாக ஆக்குகிறோம்.

தேவை என்று நான் ஒப்புக்கொள்ளும் நிலைமைகள் குறைவு. பொருளுக்கே இடமும் ஆழமும் இருந்து, அந்த ஆழத்தைப் பற்றித்தான் உங்கள் கேள்வி என்றால் வாருங்கள். ‘இந்த மருந்து மூலக்கூறு அந்தக் குழிக்குள் பொருந்துமா?’ என்பது அப்படிப்பட்ட கேள்வி. ஓர் அறையில் நிற்பது எப்படி இருந்தது, நுழைவாயிலிலிருந்து எது தெரிந்தது என்று கேட்கும் தொல்லியல் கேள்விகளும் அப்படியே. உருவமில்லாத அறிவு என்றால், பின்னிக் கிடக்கும் வலையில் வழி தேடும் கேள்வியாக இருக்க வேண்டும். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘ஆராய்வதற்காக’, ‘அனுபவத்துக்காக’ என்று எழுதினால் அது இன்னும் கேள்வியாகவில்லை.

5. அப்போ மேற்கோள் வலையை வி.ஆர்ல காட்டறதே வீண்னு சொல்றீங்களா?

இல்லை. உருவமில்லாத அறிவிலும் வி.ஆருக்கு வேலை இருக்கும் இடம் இதுதான். 1996-இல் காலின் வேரும் கிளென் ஃபிராங்கும் ஒரு சோதனை செய்தார்கள். புள்ளிகளும் கோடுகளுமான வலையில் இரண்டு புள்ளிகளைக் காட்டி, இடையில் ஒரே ஒரு புள்ளி வழியாக அவற்றை இணைக்கும் பாதை உண்டா என்று கேட்டார்கள். தட்டைப் படத்தில் தவறில்லாமல் சமாளிக்க முடிந்த வலையைவிட மூன்று மடங்கு பெரிய வலையை, இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படமும் தலையோடு நகரும் காட்சியும் இருந்தபோது சமாளிக்க முடிந்தது.

அதே ஆய்வில் பலர் கவனிக்காத இன்னொரு முடிவு உண்டு. இரட்டைப் படம் மட்டும் இருந்தால் கிடைத்த லாபம் சுமார் 1.6 மடங்கு, அசைவு மட்டும் இருந்தால் சுமார் 2.2 மடங்கு. ஆழம் புரிய அசைவுதான் அதிகம் உதவுகிறது. ஆகவே மடிக்கணினியில் மவுஸால் வலையை மெதுவாகச் சுழற்றினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். முதலில் அதைச் செய்து பாருங்கள். அதிலும் கோடுகள் பிரியாமல் குழம்பினால் கண்ணாடியைப் பற்றி யோசிக்கலாம்.

6. தரவை எங்கேருந்து எடுக்கறது? கூகுள் ஸ்காலர்ல இருந்து இழுத்துடலாமா?

வேண்டாம். கூகுள் ஸ்காலர் மொத்தமாகத் தரவிறக்க வழி தருவதில்லை, நிரல் வைத்து இழுத்தால் தடுத்துவிடும். ஓப்பன்அலெக்ஸ் பக்கம் போங்கள். மைக்ரோசாஃப்ட்டின் கல்விசார் தரவுத்தளம் 2021 முடிவில் மூடப்பட்டபோது அதன் இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்தது. 20 கோடிக்கும் மேற்பட்ட படைப்புகளின் விவரம் இருக்கிறது, எந்த உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் எடுக்கலாம். கிராஸ்ரெஃபும் திறந்த வெளிதான். வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் இரண்டுக்கும் உங்கள் நிறுவனத்தின் சந்தா வேண்டும்.

எடுத்த பிறகு, எதைக் ‘கோடு’ என்று வரையப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். நேரடி மேற்கோளையே வரையலாம். இரண்டு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டினால் அவற்றை இணைக்கலாம், இதை 1963-இல் கெஸ்லர் முன்வைத்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டு கட்டுரைகளைச் சேர்த்தே மேற்கோள் காட்டினால் அவற்றை இணைக்கலாம், இது 1973-இல் ஹென்றி ஸ்மால் சொன்னது. கெஸ்லர் முறையில் இரண்டு கட்டுரைகளுக்கு இடையிலான பிணைப்பு அவை வெளியான நாளிலேயே முடிவாகிவிடும். ஸ்மால் முறையில் ஆண்டு தோறும் மாறும். புதிதாக முளைக்கும் தலைப்பைத் தேடுபவர் ஸ்மால் முறையை எடுத்தால் ஏமாந்துபோவார், புதுக் கட்டுரைகளுக்கு இன்னும் மேற்கோளே சேர்ந்திருக்காது.

7. எந்த மென்பொருள்ல ஆரம்பிக்கறது?

வலை என்றால் கெஃபி அல்லது வி.ஓ.எஸ்.வியூவரில் தட்டையாக ஆரம்பியுங்கள். அங்கேயே தரவில் உள்ள குப்பை தெரிந்துவிடும். ஒரே ஆசிரியர் மூன்று விதமான பெயர் எழுத்துகளில் மூன்று புள்ளிகளாக நிற்பார். அதைத் திருத்தாமல் முப்பரிமாணத்துக்குப் போனால் குப்பையும் முப்பரிமாணத்தில் வரும்.

அப்புறம், நிரல் கொஞ்சம் எழுதத் தெரிந்தால் எ-ஃப்ரேம் அல்லது த்ரீ.ஜேஎஸ். இரண்டும் பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவத் தேவையில்லை. மூலக்கூறுகளுக்கு கைமராஎக்ஸில் வி.ஆர். வசதி உள்ளேயே இருக்கிறது. விளையாட்டுகள் உருவாக்கப் பயன்படும் யூனிட்டி வலுவானதுதான், ஆனால் ஓர் ஆய்வு மாணவர் தனியாக அதைப் பராமரிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. ஏன் என்பது 17-ஆவது பதிலில்.

8. எங்க துறையில ஒரு லட்சம் கட்டுரை இருக்கு. எல்லாத்தையும் போட்டாத்தானே முழுமை?

கருவி தாங்குமா என்பது முதல் பிரச்சினை. நொடிக்கு 90 படம் காட்டும் ஹெட்செட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 11 மில்லிநொடி. அதற்குள் இரண்டு கண்ணுக்கும் வரைந்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் தனிப் பொருளாக வைத்தால் சில ஆயிரத்திலேயே திணறும். ஒரே உருண்டையைப் பல இடங்களில் ஒரே கட்டளையில் வரையச் சொல்லும் வசதி எல்லாக் கருவிகளிலும் உண்டு, அதைப் பயன்படுத்தினால் பல்லாயிரம் வரை போகலாம். புள்ளிகளின் இடத்தைக் கணக்கிடும் வேலையை ஹெட்செட்டுக்குள் செய்யவே கூடாது. கணினியில் முன்கூட்டியே கணக்கிட்டு எண்களாக அனுப்புங்கள்.

பெரிய பிரச்சினை மனிதர்தான். ஒரு லட்சம் புள்ளியும் ஐந்து லட்சம் கோடும் போட்டால் தெரிவது ஒரு பஞ்சு மூட்டை. அதற்குள் நின்று ‘ஆகா’ என்பார்கள், வெளியே வந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தலைப்பு வாரியாகத் தொகுத்து சில நூறு உருண்டைகளாகக் காட்டுங்கள், தொட்டால் உள்ளே இருக்கும் கட்டுரைகள் விரியட்டும். கோடுகளைக் கேட்கும்போது மட்டும் காட்டுங்கள். நான் சொல்லும் பரிகாரங்களில் அதிகம் பலன் தந்தது இந்தக் கடைசி ஒன்றுதான்.

9. பக்கத்துப் பக்கத்துல இருக்கற புள்ளியெல்லாம் ஒரே விஷயம்தானே? அப்படியே ஆய்வுல எழுதிடலாமா?

எழுதுவதற்கு முன் இடம் எப்படி வந்தது என்று பாருங்கள். 1-ஆவது பதிலில் சொன்னபடி இந்த வகை அறிவுக்கு இடத்தைக் கொடுத்தது நாம்தான். கட்டுரைச் சுருக்கங்களை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி, டி-எஸ்.என்.இ. (2008) அல்லது யூமேப் (2018) முறையில் மூன்று எண்களாகச் சுருக்குவதுதான் இன்றைய வழக்கம். இரண்டும் மிக நெருங்கிய அண்டை வீட்டுக்காரர்களைச் சேர்த்து வைப்பதில் கெட்டி. ஆனால் தொலைவில் உள்ள இரண்டு கொத்துகளுக்கு இடையே எத்தனை தூரம் என்பதை நம்ப முடியாது. கொத்தின் பருமனுக்கும் பொருள் இல்லை. கணக்கீடு தற்செயலான ஓர் எண்ணிலிருந்துதான் தொடங்கும், அந்தத் தொடக்க எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் மொத்த அமைப்பும் வேறு மாதிரி வரும்.

தட்டைத் திரையில் இந்த ஆபத்து குறைவு, படம் என்று தெரிந்தே பார்க்கிறோம். வி.ஆரில் ஒரு கொத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகிறோம். உடம்பு அந்தத் தூரத்தை நம்பிவிடுகிறது. ‘இந்த இரண்டு துறைக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருக்கிறது’ என்று எழுதத் தோன்றும். பல தொடக்க எண்களில் ஓட்டி எல்லாவற்றிலும் நிலைக்கிற கொத்துகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். வெற்றிடத்தை நிறுவ வேண்டுமென்றால் மூல எண்களுக்குப் போய், இரண்டுக்கும் நடுவே மேற்கோள்கள் உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

10. எழுத்து ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு? கட்டுரையை உள்ளேயே படிக்க வைக்க முடியாதா?

நல்ல பார்வை உள்ள கண்ணுக்குப் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு 60 படப்புள்ளி இருந்தால் குறை தெரியாது. மெட்டா குவெஸ்ட் 3 போன்ற கருவிகளில் கிடைப்பது சுமார் 25. எழுத்து பெரிதாக இருந்தால்தான் படிக்க முடியும், பெரிதாக்கினால் சில வரிகள்தான் பிடிக்கும். தலைப்பு, ஆண்டு, இரண்டு வரிச் சுருக்கம் வரை உள்ளே வைக்கலாம். முழுக் கட்டுரையை உள்ளே படிக்க வைக்க வேண்டாம், பட்டியலில் சேர்த்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டும். எழுத்துப் பலகையை ஒன்று முதல் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், கறுப்புப் பின்னணியில் மெல்லிய எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

11. தமிழ்ல தலைப்பு போட்டா எழுத்து சிதறிப்போகுது. ஃபான்ட் கோளாறா?

ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு நாளை வீணாக்காதீர்கள், கோளாறு அங்கே இல்லை. ‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் முதலில் க இருக்கும், அதன் பின்னால் ஒகரக் குறி இருக்கும். திரையில் வரையும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் போக வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துருவாக்கும் நிரல் ஒன்று தேவை. பிரவுசரில் அது இருக்கிறது. யூனிட்டியில் வழக்கமாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் அது இல்லை. சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும், கொம்பும் காலும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். மு, கு போன்றவையும் மெய் தனியாக, உகரக் குறி தனியாகப் பிரிந்துவிடும். அகரமும் புள்ளியும் மட்டும் வரும் ‘பக்கம்’, ‘மரம்’ போன்ற சொற்கள் சரியாக வந்துவிடுவதால் பலர் சோதித்துவிட்டதாக நினைத்து ஏமாறுகிறார்கள். சோதனைக்கு ‘கொள்கை நூல் தொகுப்பு’ என்று போட்டுப் பாருங்கள்.

வெப்எக்ஸ்ஆரில் எளிய வழி, எழுத்தைப் பிரவுசரின் இரு பரிமாணக் கேன்வாஸில் எழுதி, அந்தப் படத்தை முப்பரிமாணப் பலகையில் ஒட்டுவது. பிரவுசரே எழுத்தை உருவாக்குவதால் சரியாக வரும். யூனிட்டி போன்ற இன்னொரு மென்பொருளான கொடோவின் 4-ஆம் பதிப்பிலும் தமிழ் ஒழுங்காக வரும். யூனிட்டியை விட முடியாது என்றால் தலைப்புகளை முன்கூட்டியே படங்களாக்கி ஏற்றுங்கள். கொஞ்சம் பழைய காலத்து வேலைதான், ஆனால் உடையாது.

12. பத்து நிமிஷத்துல தலை சுத்துது. எனக்கு மட்டும்தானா?

பலருக்கும் உண்டு. கண் ‘நகர்கிறாய்’ என்கிறது, உள்காது ‘நிற்கிறாய்’ என்கிறது. அந்த முரண்தான் முதல் காரணம். ஆகவே பயனரை வழுக்கிக்கொண்டு கூட்டிப்போகாதீர்கள். தாவ விடுங்கள், அல்லது வலையைக் கையால் பிடித்து இழுக்கவும் சுருக்கவும் விடுங்கள். ஆய்வுத் தரவுக்கு இரண்டாவது வழிதான் சிறந்தது. மேசை மேல் வைத்த பொருள் மாதிரி வலை சிறிதாக இருந்தால் நகரவே தேவையில்லை.

இரண்டாவது காரணம் கண் களைப்பு. ஹெட்செட்டின் குவியத் தூரம் பெரும்பாலும் நிலையானது. பொருள் மூக்குக்கு முன்னால் வந்தால் இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் குவியம் பழைய இடத்திலேயே நிற்கும். அரை மீட்டருக்கும் அருகில் எதையும் நெடுநேரம் வைக்காதீர்கள். படவேகம் தடுமாறினாலும் சுற்றும், 8-ஆவது பதிலில் சொன்ன 11 மில்லிநொடிக் கணக்கு வேகத்துக்காக மட்டும் அல்ல. ஹெட்செட்டின் இரண்டு லென்ஸ்களுக்கு இடையிலான இடைவெளியை உங்கள் கண்மணி இடைவெளிக்குச் சரிசெய்ய மறக்காதீர்கள். வாந்தி வரும்போல இருந்தால் ‘பழகிவிடும்’ என்று தொடராமல் உடனே கழற்றிவிடுங்கள்.

13. உள்ளே போனவங்க என்ன பண்றதுன்னே தெரியாம நிக்கறாங்க. நான் எதை விட்டுட்டேன்?

வழியை விட்டிருப்பீர்கள். முதலில் முழுமை, அப்புறம் நெருக்கமும் வடிகட்டலும், கேட்டால் விவரம் என்று 1996-இல் பென் ஷ்னைடர்மன் சொன்ன வரிசை இங்கேயும் பொருந்தும். வி.ஆரில் பலர் பயனரை நேரே வலையின் நடுவில் போட்டுவிடுகிறார்கள். அவருக்கு முழுமை தெரிவதே இல்லை, பாதி வலை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே நிறுத்தி ஆரம்பியுங்கள். உள்ளே போன பிறகும் மொத்த வலையின் சிற்றுரு ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், ‘நீங்கள் இங்கே’ என்ற குறியுடன். இந்த உத்தி 1995-இலேயே வந்துவிட்டது.

கையை நீட்டியபடியே வேலை செய்ய வைத்தால் சில நிமிடங்களில் தோள் வலிக்கும். பட்டன்களை இடுப்பு உயரத்தில் வையுங்கள். முதல் வேலையை நீங்களே கொடுங்கள்: ‘இந்த 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து தொடங்கி, இதை மேற்கோள் காட்டியவற்றில் வேறு துறைக்குத் தாவிய ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.’ அதன் பிறகு தாங்களாகவே தேடத் தொடங்குவார்கள்.

14. வி.ஆர்ல படிச்சா மாணவர்கள் நல்லா கத்துக்கறாங்கன்னு நிரூபணம் இருக்கா?

‘வி.ஆர்.’ என்று பொதுவாகச் சொன்னால் இல்லை. பரோங்கும் மேயரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மனித உடலின் இரத்த ஓட்டத்துக்குள் போகும் வி.ஆர். பாடத்தையும் அதே உள்ளடக்கம் கொண்ட படவில்லைக் காட்சியையும் ஒப்பிட்டார்கள். வி.ஆர். மாணவர்களுக்கு ஆர்வம் கூடுதலாக இருந்தது, மதிப்பெண் படவில்லைக்காரர்களுக்குக் கூடுதலாக வந்தது. 2019-இல் மக்ரான்ஸ்கியும் குழுவினரும் ஆய்வகப் பாவனைப் பாடத்தில் இதே போக்கைக் கண்டார்கள்: அங்கேயே இருப்பதான உணர்வு கூடியது, கற்றல் குறைந்தது. காட்சியின் பிரமிப்பே கவனத்தைத் தின்றுவிடுகிறது.

ஆனால் பரோங், மேயர் ஆய்வின் அடுத்த பகுதியைச் சேர்த்துப் படியுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுத வைத்தபோது வி.ஆர். மாணவர்களின் கற்றல் மேம்பட்டது. இடத்தோடு சேர்த்து நினைவில் வைக்கும் வேலைகளில் சாதகமான முடிவுகளும் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் மாளிகைக்குள் பிரபலங்களின் முகங்களை வைத்து நினைவுகூரச் சொன்னபோது, கணினித் திரையைவிட ஹெட்செட்டில் சுமார் 9 சதவீதம் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். பாடம் நடத்துபவருக்கு என் பரிந்துரை: ஐந்தாறு நிமிடம் உள்ளே, பிறகு வெளியே வந்து எழுத்து, மறுபடி உள்ளே.

15. ஊகிச்சு வரைஞ்சதும் நிஜமா கிடைச்சதும் ஒரே மாதிரி தெரியுதே. இது ஏமாத்து இல்லையா?

சரியான சந்தேகம், இதை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும். அகழாய்வில் கிடைத்தது அடித்தளம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சுவரும் கூரையும் ஊகம். வி.ஆரில் மூன்றுக்கும் ஒரே கல் தோற்றம் கொடுத்தால் பார்ப்பவர் மூன்றையும் நம்பிவிடுவார். பண்பாட்டு மரபுக் காட்சிப்படுத்தலுக்கான லண்டன் சாசனம் (2009-இல் வந்த 2.1 பதிப்பு) எது சான்று, எது கருதுகோள் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றும், ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கேட்கிறது.

செய்முறைக்கு நல்ல முன்மாதிரி உயிரியலில் இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த புரத வடிவங்களில் ஒவ்வொரு பகுதியின் நம்பகத்தன்மையும் நிறத்திலேயே இருக்கும்: நூற்றுக்கு 90-க்கு மேல் கரும் நீலம், 50-க்குக் கீழ் ஆரஞ்சு. ஆரஞ்சுப் பகுதி நூல் மாதிரி அலைந்துகொண்டிருக்கும், அதை யாரும் உறுதியான வடிவம் என்று நினைக்க மாட்டார்கள். கட்டடத்திலும் ஊகப் பகுதியை ஒளி ஊடுருவும் சாம்பல் நிறமாக்குங்கள், ஒரு பட்டனில் அதை முழுக்க மறைக்கவும் வழி வையுங்கள். அழகு குறைகிறது என்று வரைகலைக்காரர் முனகுவார். முனகட்டும்.

16. ஒரு கண்ணு சரியாத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? அப்புறம் இந்தக் கருவி என்னைக் கண்காணிக்குதாமே?

இரட்டைப் படத்தால் ஆழம் உணராதவர்களுக்கும் அசைவால் ஆழம் தெரியும், 5-ஆவது பதிலில் அசைவின் பங்கைப் பார்த்தோம். அதனால் தலை நகர்வை அறியும் கருவி இருந்தால் அவர்களாலும் வேலை செய்ய முடியும். சிவப்பு-பச்சையை மட்டும் வைத்து வேறுபடுத்தாதீர்கள், வடிவத்தையும் மாற்றுங்கள். உட்கார்ந்தபடியே எல்லாம் எட்ட வேண்டும். கண்ணாடியே அணிய முடியாதவருக்கு அதே தரவின் தட்டைப் பதிப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

கண்காணிப்பு உண்மைதான். தலையும் இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்பதைப் பதிவு செய்யாமல் கருவி இயங்காது. 2020-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், 511 பேரில் யார் இவர் என்பதை ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுத் தரவை வைத்து 95 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்பதால் தரவு அடையாளமற்றதாகிவிடாது. பயனர் சோதனை செய்பவர்கள் ஒப்புதல் படிவத்தில் இதைச் சொல்லுங்கள், தேவையில்லாத அசைவுப் பதிவைச் சேமிக்காதீர்கள்.

17. இன்னைக்கு செஞ்சது அஞ்சு வருஷம் கழிச்சுத் திறக்குமா?

கருவியை நம்பிச் செய்தால் சந்தேகம்தான். வகுப்பறைகளுக்கு வி.ஆர். சுற்றுலா காட்டிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ், மாடல்களைச் சேமித்து வைக்கும் கூகுள் பாலி இரண்டும் 2021-இல் மூடப்பட்டன. மைக்ரோசாஃப்ட்டின் ஏ.ஆர். கருவியான ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி நிறுத்தப்படுவதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. ஒரு கருவிக்கென்றே யூனிட்டியில் செய்த செயலி, கருவியின் மென்பொருள் இரண்டு முறை மாறினால் திறக்காமல் போகலாம். பட்டம் வாங்கிப் போன மாணவர் திரும்பி வந்து அதைச் சரிசெய்ய மாட்டார்.

தரநிலையை நம்பிச் செய்தால் நிலைமை பரவாயில்லை. 1997-இல் ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) தரமான, முப்பரிமாணக் காட்சிகளுக்கான வி.ஆர்.எம்.எல். ஃபைல்களை இன்றும் திறக்க முடிகிறது, அவை வெறும் எழுத்துக் கோப்புகள். ஜி.எல்.டி.எஃப். 2022-இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. மாடலை அதில் வையுங்கள். வலையின் புள்ளிகளையும் கோடுகளையும் கணக்கிட்ட இடங்களையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக வையுங்கள். தரவை எடுத்த தேதி, கணக்கீட்டின் தொடக்க எண், பயன்படுத்திய பதிப்புகள் எல்லாம் பக்கத்திலேயே ஒரு குறிப்பில் இருக்கட்டும். காட்சி போனாலும் அதைத் திரும்பக் கட்டலாம்.

18. ஆய்வேட்டை மதிப்பிடறவர்கிட்ட ஹெட்செட் இல்லையே. எப்படிச் சமர்ப்பிக்கறது?

கண்ணாடி இல்லாமலேயே உங்கள் வாதம் நிற்க வேண்டும். வி.ஆரில் பார்த்துக் கண்டுபிடித்ததை, அதற்கு வெளியே எண்களால் சரிபார்த்து ஏட்டில் எழுதுங்கள், 9-ஆவது பதிலில் வெற்றிடத்துக்குச் சொன்னது போல. ‘உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும்’ என்பது ஆய்வேட்டில் செல்லாது.

காட்சியையும் காட்ட வேண்டும் என்றால், முக்கியமான ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு நிலைப்படமும் அது எடுக்கப்பட்ட பார்வை நிலையின் எண்களும் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மிகாத காணொளி ஒன்று போதும். தலை அசைவை அப்படியே பதிவு செய்த காணொளி பார்ப்பவருக்குத் தலை சுற்றும், அதனால் கேமராவை மெதுவாக நகர்த்தித் தனியாக எடுங்கள். பிரவுசரில் திறக்கும் பதிப்பு இருந்தால் அதன் இணைப்பைக் கொடுங்கள், மதிப்பிடுபவர் மவுஸால் சுழற்றிப் பார்த்துக்கொள்வார். 17-இல் சொன்ன கோப்புகளை நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்றி, அதன் நிலையான முகவரியை ஏட்டின் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள்.